அந்தக் காலத்து அமெரிக்கக் கூடார வண்டிலில ஆக்கள் உண்மையா இருந்து போனவையோ?

கொக்குவில் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். 1840களில மிசூரியில இருந்து மேற்குக் கரையில இருக்கிற ஒரிகனுக்குக் குடும்பம் குடும்பமா கூடார வண்டிலில போன கதையை வாசிச்சுக்கொண்டிருக்கிறன், கிட்டத்தட்ட 3200 கிலோமீற்றர், நாலஞ்சு மாசப் பயணம். படங்களில பாத்தா குதிரை பூட்டி பிள்ளைகுட்டியெல்லாம் உள்ளுக்க இருந்து போகுதுகள். அப்பிடிப் போக ஏலுமே? நாளாந்தம் அவைக்கு என்ன கரைச்சல் இருந்தது? வண்டில் பழக்கம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

நீர்வேலியான்:
தம்பி, கூடுதலா மாடுதான் பூட்டினவை. குதிரையை விட மெதுவெண்டாலும் விலை குறைவு, வழியில கிடக்கிற புல்லைத் திண்டே இழுக்கும். பெட்டி 10 அடி நீளம், 4 அடி அகலம், அதுக்குள்ள ஒரு தொன் அளவில மா, உப்புப் போட்ட பண்டி இறைச்சி, கோப்பி, சட்டிபானை எண்டு அடைஞ்சு கிடக்கும், ஸ்பிறிங்கும் இல்லை, குலுக்கிற குலுக்கில ஆர் இருக்கிறது, வருத்தக்காரரும் சின்னப் பிள்ளையளும்தான் ஏறினது, மற்றவை நடைதான். ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீற்றர் போனாலே பெரிய காரியம்.

பெரிய கரைச்சல் சில்லுதான். வறண்ட காத்துக்கு மரம் சுருங்க இரும்புப் பட்டை கழண்டு போகும், இரவில சில்லைக் கழட்டி ஆத்துக்குள்ள ஊறப் போடுவினம், இல்லாட்டி ஆப்பு அடிச்சு இறுக்குவினம். எங்கட திருக்கல் மாட்டு வண்டிலுக்கும் சித்திரை வெயிலில இதுதான் நடந்தது. ஐயா ஈரச்சாக்கைச் சில்லில சுத்தி விட்டிட்டு, விடிய சுத்தியலால தட்டிப் பாப்பார், சத்தத்தை வச்சே பட்டை இறுகிட்டுதோ இல்லையோ எண்டு சொல்லுவார்.

ரொறன்ரோ அக்கா:
தண்ணியை விட்டிட்டியள் அண்ணை. எங்கட யாழ்ப்பாணத்து றோட்டு வழிய மடம், கேணி, மாடு உடம்பை உரஞ்சிற ஆவுரோஞ்சிக்கல், பக்கத்தில மாட்டுக்குத் தண்ணித் தொட்டி எல்லாம் கட்டி வச்சிருந்தவை. அவைக்கு அப்பிடி ஒண்டுமில்லை. சில இடத்தில கார உப்புக் கலந்த தண்ணி, குடிச்ச மாடு அங்கயே விழுந்து செத்துப்போகும். ஆக்களைச் சாகடிச்சது கூடுதலா கொலரா, 1849க்குப் பிறகு வந்த கொஞ்ச வருசம் சரியான மோசம், காலமை நல்லா நடந்த ஆள் இரவுக்கிடையில முடிஞ்சிடும். பூர்வகுடிகள் அடிச்சுச் செத்தவை இதோட பாத்தா நல்லாக் குறைவு, கன இடத்தில ஆறு கடக்க உதவினதே அவைதான். படங்கள் இதைச் சொல்லாதது எனக்குச் சரியான கவலை.

கொக்குவில் பொடியன்:
நன்றி அண்ணை, அக்கா. மரமில்லாத வெளியில எப்பிடிச் சமைச்சவை? மழைக்கு என்ன செய்தவை?

நீர்வேலியான்:
காஞ்ச காட்டெருமைச் சாணிதான் விறகு, பொம்பிளையளும் பிள்ளையளும் நடக்க நடக்கப் பொறுக்கிச் சேர்ப்பினம். மழைக்கு, கூடாரத் துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுறது. ஆனா பலமான மழையெண்டா அதுவும் ஒழுகும், அண்டைக்கு அடுப்பும் எரியாது, பச்சைத்தண்ணியும் காஞ்ச ரொட்டியும்தான்.