ஜப்பானியப் 'பாட ஆய்வு' முறையை நேரில் பார்த்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. எட்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். ஜப்பான் பள்ளிகளில் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது 'பாட ஆய்வு' என்று ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர்களைக் கவனிப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். டிம்ஸ் (TIMSS) என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் கல்வி ஆய்வின் பகுதியாக நடந்த 1995 காணொளி ஆய்வு ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்றிலும் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகள் 231-ஐப் படம்பிடித்து ஒப்பிட்டது. அதன் பிறகுதான் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் இந்த முறையைத் தீவிரமாகக் கவனித்தார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த ஒரு பாடத்துக்காக அவர்கள் எழுதும் திட்டம். மாணவர்கள் என்னென்ன வழியில் யோசிப்பார்கள், எங்கே தடுமாறுவார்கள் என்பதை முன்கூட்டியே அதில் எழுதிவிடுகிறார்கள். கரும்பலகையைக்கூட அழிப்பதில்லை, பாடம் முடியும்போது வகுப்பில் நடந்தது முழுவதும் பலகையில் இருக்கும். நம் பாடக்குறிப்பேட்டில் இதற்கெல்லாம் இடமே கிடையாது, மேலதிகாரி கையெழுத்துக்குத்தான் இருக்கிறது!

இரண்டு சக ஆசிரியர்கள் சேரத் தயார். பின்ன வகுத்தலில் தொடங்கலாம் என்று எண்ணம். ஜப்பானிலோ சிங்கப்பூரிலோ இதில் பங்கேற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பார்வையாளர் குறிப்பு எடுக்கும் படிவம் ஒன்று கிடைத்தால் தமிழில் மாற்றிக்கொள்வேன். முக்கியமாக, பாடம் முடிந்த பின் நடக்கும் பேச்சு ஆசிரியரைக் குறை சொல்வதாக மாறாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? மூன்று பேரும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருக்கக் கால அட்டவணையை எப்படிச் சரிக்கட்டுவது என்றும் சொல்லுங்கள்.