46 வயதில் பீரியட்ஸ் தாறுமாறாக வருகிறது, பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி:
போன வருடம் வரை தேதி தப்பாமல் வந்தது. இப்போது எப்போது வரும் என்றே சொல்ல முடியவில்லை. ஒரு தடவை இரண்டு மாதம் தள்ளிப் போனது, அடுத்தது மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வந்துவிட்டது. வந்தால் கட்டி கட்டியாகப் போகிறது, ராத்திரியில் எழுந்து எழுந்து பேட் மாற்றுகிறேன். வீட்டுப் பெரியவர்கள் "நிற்கப் போகிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஹார்மோன் டெஸ்ட் எடுத்தால் எப்போது நிற்கும் என்று தெரிந்துவிடுமா?

பதில் 1:
தேதி முன்னே பின்னே போவது இந்த வயதில் சகஜம்தான். எல்லா மாதமும் கருமுட்டை வெளிவராது. வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காமல் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டுமே வேலை செய்வதால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், அப்புறம் ஒரேயடியாக உதிர்கிறது, தள்ளி வரும்போது அதிகமாகப் போவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் "அப்படித்தான் இருக்கும்" என்பதைத் தேதிக்குச் சொல்லலாம், இவ்வளவு ரத்தப்போக்குக்குச் சொல்லக்கூடாது. நார்க்கட்டி, பாலிப் (உள்சவ்வில் வளரும் சின்னச் சதை), தைராய்டு என்று வேறு காரணமும் இருக்கலாம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலோ, இடையிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டாலோ மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால் அன்றைக்கே போக வேண்டும். ஸ்கேன் எடுப்பார்கள், 45 தாண்டியதால் உள்சவ்வில் சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கும் அனுப்பலாம். அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான்.

பதில் 2:
எஃப்எஸ்ஹெச் என்கிற ஹார்மோன் டெஸ்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் அக்கா. இந்தக் காலகட்டத்தில் அது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், எப்போது நிற்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். அதுவரை கர்ப்பத்துக்கும் வாய்ப்பு உண்டு, தள்ளிப் போனால் முதலில் அதைப் பாருங்கள்.

பதில் 3:
ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் கேட்டு எடுங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசுக் கோளாறு என்றே எங்கள் வீட்டில் சொன்னார்கள், பார்த்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையோடு, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் வைத்தார்கள், இப்போது லேசாகத்தான் படுகிறது. கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது உடனே சொன்னால், மாத்திரை, சாதனம் எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறேன். எங்கள் அண்ணிக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, போன வாரம் லேசாகப் பட்டதாம். அது பரவாயில்லையா?

பதில் 1:
இல்லை. நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆகவேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனாலும் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான். உங்களோடு அவரையும் அழைத்துப் போங்கள்.