ஏரி வண்டலை வைத்து 4000 ஆண்டு மழையைச் சொல்ல முடியுமா? (கிருஷ்ணகிரி)

பர்கூர்_புவியியல் கேட்டது:

நம்ம மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று 2022ல் காலம் அறிவித்தார்கள். மேகாலயாவின் மாவ்ம்லூ குகைப் படிவை அடிப்படையாக வைத்துக் குறிக்கப்பட்ட பெரிய வறட்சியும் ஏறக்குறைய அதே காலம், இன்றைக்கு 4200 ஆண்டுகளுக்கு முன். அந்த வறட்சி நம்ம மேலகிரிப் பக்கமும் இருந்ததா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மலை ஏரிகளின் அடிப்படிவிலிருந்து பழைய காலநிலையை எடுக்கிறார்களே, அதே முறையைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஏரியில் செய்து பார்க்கலாமா? மே மாதம் முழுக்க வற்றிவிடும், இறங்குவது சுலபம். கையில் இருப்பவை மஃபிள் ஃபர்னஸ், சென்ட்ரிஃபியூஜ், 400 மடங்கு மைக்ரோஸ்கோப். எவ்வளவு ஆழம் போகணும், எதைச் சோதிக்கணும்?

---

சேற்றடுக்கு:

வற்றுகிற ஏரி என்பதுதான் முதல் சிக்கல். மலை ஏரிகளில் படிவு நன்றாக நிற்கக் காரணம், அடியில் எப்போதும் தண்ணீர் இருப்பதும், ஆழத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதும்தான். புழு, நண்டு துளைக்காது. கோடையில் வண்டல், குளிரில் மெல்லிய களி என்று வருடத்துக்கு ஒரு ஜோடி அடுக்கு சில ஏரிகளில் அப்படியே நிற்கும். பெருவில் சுமார் 4100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹூனின் ஏரியில் 2015ல் துளையிட்டு, ஏழு லட்சம் ஆண்டுப் பனியாற்று வரலாற்றை எடுத்தார்கள். காஷ்மீரின் கரேவா இன்னும் பழையது: பீர் பஞ்சால் உயர்ந்து வடிகாலை அடைத்ததால் உருவான ஏரி. பின்னாளில் ஜீலம் பாராமுல்லா வழியாக வெட்டிக்கொண்டு போனதால் ஏரி வடிந்து, படிவு மேட்டு நிலமாக நிற்கிறது. பாம்பூர்க் குங்குமப்பூ வயல் அந்த மேட்டில்தான்.

நம்ம ஏரிகள் மனிதர் கட்டியவை. நுளம்பர், சோழர், விஜயநகரக் காலம், அல்லது அதற்கும் பின். கரை போடுவதற்கு முன் அங்கே ஏரிப் படிவே கிடையாது. ஆகவே 4200 ஆண்டுக் கேள்விக்கு அந்த ஏரி பதில் தராது, எத்தனை மீட்டர் தோண்டினாலும். அதற்குக் கிட்டத்தில் இருக்கிற நல்ல பதிவு நீலகிரியின் சாண்டிநல்லாப் பக்கத்துக் கரிச்சேறு. அதன் கார்பன் ஐசோடோப்பு ஆய்வு 1993ல் நேச்சரில் வந்தது: கடைசிப் பனியுக உச்சத்தில் வறட்சி, பிறகு பருவமழை வலுத்தது, நடு ஹோலோசீனுக்குப் (ஹோலோசீன் என்பது பனியுகத்துக்குப் பிந்தைய இன்றைய காலம்) பின் மறுபடி வறட்சி.

மேலகிரியில் ஏதாவது தேடியே ஆகணும் என்றால், வற்றாத ஊற்றடிச் சதுப்பு, ஓடைப் பள்ளத்தில் கறுத்த சேறு நிற்கும் இடம் பாருங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள்.

---

பர்கூர்_புவியியல்:

புரிந்தது. சரி, கேள்வியைச் சின்னதாக்கிக்கொள்கிறேன். அந்த ஏரி எப்போது கட்டப்பட்டது, அதற்கப்புறம் சுற்றுவட்டாரக் காடும் பயிரும் எப்படி மாறின? இதையாவது எடுக்க முடியுமா?

---

கலங்கல்:

முடியும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். மதகுப் பக்கம்தான் ஆழம் அதிகம், வண்டலும் கனம். ஆனால் தூர்வாரும்போது முதலில் கை வைப்பதும் அங்கேதான், கரைக்கு மண் எடுத்த பழைய குழிகளும் அங்கேதான். வரத்துக்கால்வாய் வாயில் போனால் வெள்ளத்துக்கு வெள்ளம் மணல் மட்டும் கொட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே, கலங்கலை (உபரி நீர் வழியும் இடம்) விட்டு விலகி, மாட்டுவண்டித் தடம் இல்லாத பகுதியைப் பாருங்கள். முந்தின வருடங்களில் வயலுக்கு வண்டல் அள்ளியது எந்த மூலை என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். வேலையில் பாதி அதுதான். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ, நீர்வளத்துறையோ ஊராட்சியோ, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கோர் குழாயை (மண்ணை அடுக்கு குலையாமல் தூணாக எடுக்கும் குழாய்) மறந்துவிடுங்கள். ரஷ்யன் கோரர் ஈரச் சேற்றுக்கும் கரிச்சேற்றுக்கும் அருமையான கருவி, காய்ந்து இறுகிய களியில் இறங்காது. 75 மி.மீ. பிவிசி குழாயை அடித்து இறக்குவார்கள், அதில் வேறு சிக்கல்: 150 செ.மீ. இறக்கியிருப்பீர்கள், உள்ளே மண் 120 தான் இருக்கும். 30 செ.மீ. எல்லா அடுக்கிலும் சமமாக அமுங்கியது என்று விகிதம் போட்டுச் சரிசெய்வது தப்பு. உராய்வில் குழாய் அடைத்துக்கொண்டு சில அடுக்குகள் உள்ளே நுழையாமலே ஒதுங்கியிருக்கும்.

வற்றிய ஏரியில் குழிதான் சிறந்தது. ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஏரி கட்டுவதற்கு முந்தைய பழைய நிலம் வரும்வரை. பழைய நிலம் எப்படித் தெரியும்? சாம்பல் களி நின்று செம்மண்ணோ, சுக்கான்கல் முண்டுகளோ, வேர்த் துளைகளோ வரும். 1.2 மீட்டருக்குக் கீழே போனால் சுவரைப் படிக்கட்டாக வெட்டுங்கள். வெடிப்புள்ள களி எச்சரிக்கை தராமல் சரியும். சுவரைக் கரண்டியால் கிடைவாக்கில் சீவுங்கள். மேலிருந்து கீழே சீவினால் மேலடுக்கு மண் கீழடுக்கில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். அளவுகோலோடு படம் எடுத்த பிறகு, 50 செ.மீ. அலுமினிய யு-சேனல்களை ஒன்றுக்கொன்று 10 செ.மீ. மேலேறி நிற்கும்படி சுவரில் அழுத்தி, பின்னால் மெல்லிய கம்பியால் அறுத்து எடுங்கள். மேல் எது, கீழ் எது என்று அங்கேயே எழுதுங்கள். சமையல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி 4 டிகிரியில் வையுங்கள். உறையவைத்தால் அடுக்கு குலையும்.

சுவரில் வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். வெடிப்புக்குள் மேல்மண் விழுந்த இடத்தில் மாதிரி எடுத்தால் போன வருட மண் 300 வருட மண்ணாகக் கணக்கில் சேரும்.

---

சேற்றடுக்கு:

கலங்கல் சொன்னதோடு ஆய்வகப் பக்கம். முதலில் எரிப்பிழப்பு, அதாவது மண்ணைச் சூடாக்கி எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பது. 2 செ.மீ. இடைவெளியில் மாதிரி, குரூசிபிளில் 105 டிகிரியில் ஓர் இரவு, எடை. 550ல் 4 மணி நேரம், டெசிக்கேட்டரில் ஆறவிட்டு எடை. 950ல் 2 மணி நேரம், மறுபடி எடை. உலர் எடை 2.400 கிராம், 550க்குப் பின் 2.208 என்றால் இழப்பு 8 சதவீதம். 550க்கும் 950க்கும் இடைப்பட்ட இழப்பை 2.27ஆல் பெருக்கினால் தோராயமாகக் கால்சியம் கார்பனேட்.

இந்த 8 முழுவதும் மக்கு (கரிமப்பொருள்) என்று எழுதிவிடாதீர்கள். களிமண் கனிமங்களுக்குள் இருக்கும் நீரும் 550ல் போகும். மக்கு குறைந்த ஏரிக் களியில் இழப்பின் பெரும்பகுதி அதுவாகவே இருக்கலாம். சில மாதிரிகளை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து வாக்லி-பிளாக் முறையில் கரிமம் பார்த்து ஒப்பிடுங்கள்.

மகரந்தத்தை நம்பி இறங்க வேண்டாம். வருடாவருடம் காய்ந்து ஆக்சிஜன் படும் மண்ணில் அது அரித்துப்போகும். தடித்த சுவருள்ள பெரணிச் சிதல்கள் மட்டும் தப்பி, ஊரே பெரணிக்காடாக இருந்தது போலக் காட்டும். போதாக்குறைக்கு முழு முறைக்கு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். அதற்கென்று தனி ஃப்யூம் ஹூட்டும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் இல்லாத கல்லூரியில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

பைட்டோலித் (செடிகளின் திசுக்களில் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்) எடுங்கள். சிலிக்கா என்பதால் வறட்சியிலும் நிற்கும், 400 மடங்கு போதும். 5 கிராம் மண், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கார்பனேட் போக்கி, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் வாட்டர் பாத்தில் மக்கு எரித்து (நுரைத்துப் பொங்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்), சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட்டில் களியைக் கலைத்து, படியவிட்டு வடித்து நீக்கி, கடைசியில் 2.3 அடர்த்தியுள்ள சோடியம் பாலிடங்ஸ்டேட்டில் மிதக்கவிட்டு எடுப்பது. களியை முழுக்க நீக்காவிட்டால் ஸ்லைடு பனி மூடியது போல இருக்கும், எண்ணவே முடியாது. ஸ்லைடுக்கு 300 எண்ணுங்கள்.

கரித்துகளும் சுலபம்: 1 கன செ.மீ. மண்ணை 125 மைக்ரான் சல்லடையில் கழுவி, தங்கியதை எண்ணினால் அருகில் எரிந்த தீயின் கணக்கு.

---

சாமைக்காடு:

பைட்டோலித்தில் ஒரு பொறி இருக்கிறது, நம்ம மாவட்டத்துக்கே உரியது. சேணம் வடிவத் துகள்கள் கூடினால் வறண்ட நிலத்துப் புல் கூடியது, ஆகவே மழை குறைந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். கேழ்வரகும் அதே குளோரிடாய்டே குடும்பக்கிளை, அதுவும் சேணம்தான் போடும். சாமை இருமடல் வடிவம் போடும், அது ஈர நிலத்துப் புல் கணக்கில் சேரும். காட்டை வெட்டிக் கேழ்வரகு போட்டால் வறட்சி, அதை விட்டுச் சாமை போட்டால் மழை என்று தப்பாகப் படிப்பீர்கள்.

கார்பன் ஐசோடோப்பு பார்த்தாலும் தப்ப முடியாது. கார்பன்-13 அளவு (δ13C, ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில்) மரங்களுக்குச் சுமார் -27, சி4 புற்களுக்கு (வெப்பத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ற ஒளிச்சேர்க்கை முறை கொண்டவை) சுமார் -12. கேழ்வரகு, சாமை, கம்பு, சோளம் எல்லாமே சி4. ஆகவே கரித்துகளையும் சேணத்தையும் ஒரே படத்தில் வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி, ஏரியில் வண்டல் சேரும் வேகமும் ஏறினால் காடு வெட்டிய கதைதான் வலுவானது. கேழ்வரகு உமித் துகள்கள் கிடைத்தால் இன்னும் உறுதி. இன்றைய கேழ்வரகு வயல், சாமை வயல், மேய்ச்சல் புல்வெளி, காட்டுத்தரை நாலிலும் மேல்மண் எடுத்து எண்ணி வைத்துக்கொள்ளாமல் பழைய அடுக்கைப் படிக்க உட்காராதீர்கள்.

---

கலங்கல்:

காலக்கணிப்பு விட்டுப்போச்சு. ஏரி கட்டிய காலத்துக்கு, பழைய நிலத்துக்கு மேல் வரும் முதல் வண்டலில் சின்ன விதை, குச்சி, இலை கிடைத்தால் ஏஎம்எஸ் ரேடியோகார்பனுக்கு (சின்ன மாதிரியிலும் கார்பன்-14ஐ எண்ணி வயது சொல்லும் முறை) அனுப்புங்கள். சில மில்லிகிராம் கார்பன் போதும். சேற்றையே மொத்தமாக அனுப்பினால் பழைய கரிமம் கலந்து வயது கூடும். சாமல்பட்டிப் பக்கம் கார்பனடைட் (கார்பனேட் கனிமம் நிறைந்த) பாறை இருக்கிறது, அந்த நீர்ப்பிடிப்பில் நத்தை ஓடும் நீர்த்தாவரமும் நம்பகமில்லை: பாறையிலிருந்து கரைந்து வரும் கார்பனில் கதிரியக்கக் கார்பனே இருக்காது. பெரிய கரித்துண்டும் கவனம், நூறு வருட மரத்தின் உள்வைரமாக இருக்கலாம்.

மேல் பகுதிக்கு ஈயம்-210 (காற்றிலிருந்து படிந்து, மெல்லச் சிதையும் கதிரியக்க ஈயம்). அரை ஆயுள் 22 வருடம் சொச்சம் என்பதால் 100 முதல் 150 வருடம்தான் எட்டும். காமா முறையில் எண்ணும் முன் மாதிரியை மூன்று வாரம் காற்றுப்புகாமல் மூடி வைக்கணும், ரேடான் சமநிலைக்காக. சீசியம்-137ல் அணுகுண்டுச் சோதனைத் தூசியின் 1963 உச்சம் தேடலாம், ஆனால் நம்ம அட்சரேகையில் மெலிதாகத்தான் வரும். தூர்வாரிய இடமென்றால் ஈயம்-210 வரைபடத்தில் படி விழுந்த மாதிரி திடீர்ச் சரிவு தெரியும். அதுவே ஒரு சோதனை.

---

பர்கூர்_புவியியல்:

நன்றி. காந்த ஏற்புத்திறன் (மண் எவ்வளவு காந்தமாகும் என்பது) அளக்கும் கருவி இரவல் கிடைக்கும் போலிருக்கிறது. மேல் 10 செ.மீ.யில் அளவு கூடினால் மண்ணரிப்பு என்று எடுக்கலாமா?

---

சேற்றடுக்கு:

ஏரிக்குத் தண்ணீர் வரும் மேட்டுப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரம்பக் கழிவில் மாவுபோன்ற பாறைத்தூளோடு இரும்புத் துருவலும் வரும், கருவி துள்ளும். வலுவான காந்தத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஈர மண்ணில் ஓட்டி, ஒட்டியதை லென்ஸில் பாருங்கள்: கூரான பளபளப்புச் சில்லு என்றால் பட்டறை, உருண்டு மங்கிய கறுப்பு மணல் என்றால் பாறையிலிருந்து வந்த மேக்னடைட். தீர்த்தமலைப் பக்கம் போல மேக்னடைட் பாறை உள்ள நீர்ப்பிடிப்பில் இரண்டாவது வகை இயல்பாகவே நிறைய இருக்கும். ஓர் ஏரியின் எண்ணை இன்னோர் ஏரியோடு ஒப்பிடாதீர்கள்.