அப்பாவுக்குச் சர்க்கரை: பிராய்லர் வாங்கலாமா, நாட்டுக்கோழிதானா?

கரிசல்காட்டான்:
ஆட்டுக்கறியைக் குறைத்துக் கோழி சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அம்மா பிராய்லரை வாசல்படி ஏற்ற மாட்டேன் என்கிறார், எனக்கும் அதே எண்ணம்தான். நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறுகிற கோழிக்கு ஹார்மோன் ஊசி போடாமலா இருப்பார்கள்?

பல்லடத்தான்:
இந்த ஊசிக் கதையை எத்தனை வருஷம்தான் சொல்வீர்கள்? எங்கள் கொட்டகையில் ஐயாயிரம் கோழி. ஒவ்வொன்றாகப் பிடித்துத் தினமும் ஊசி போட ஆளுக்கு எங்கே போவது? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தாலும் வயிற்றிலேயே செரித்துவிடும். பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கிய இனம், மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனம், வேகத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்:
சரி, ஹார்மோனை விடுங்கள். ஆன்டிபயாடிக்? மனிதனுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற கோலிஸ்டினைக் கோழி சீக்கிரம் எடை ஏற வேண்டுமென்று தீவனத்தில் கலந்தார்கள், 2019-ல் அரசு தடை போட வேண்டி வந்ததே, அதுவும் கதையா?

பல்லடத்தான்:
அது கதை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மருந்து கொடுத்தால் குறிப்பிட்ட நாள் கழித்துத்தான் கோழியை விற்க வேண்டும், எல்லாப் பண்ணையும் அப்படிச் செய்கிறது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் நாட்டுக்கோழி என்று நீங்கள் வாங்குவது குப்பைமேட்டில் மேய்ந்ததா, கொட்டகையில் அடைத்து வளர்த்ததா என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா?

அடுப்படி அக்கா:
தம்பிகளா, அப்பாவின் தட்டுக்கு வாருங்கள். தோலில்லாத நெஞ்சுக்கறி வெந்த பிறகு 100 கிராமில் சுமார் 31 கிராம் புரதம், 165 கலோரி, கொழுப்பு 4 கிராமுக்குள். தொடைக்கறியில் கொழுப்பு 10 கிராம் வரை வரும். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் போதும். சோளமாவில் பிரட்டி எண்ணெயில் முக்கிப் பொரித்தால் அது பிராய்லராக இருந்தால் என்ன, நாட்டுக்கோழியாக இருந்தால் என்ன? மிளகு சீரகம் அரைத்துப் போட்டுக் குழம்பு வையுங்கள், சோற்றைக் குறைத்துக் காய் சேருங்கள். சர்க்கரையோடு சிறுநீரகக் கோளாறும் இருந்தால் கறியின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் மேடை முழுக்கப் போகும், நன்றாக வெந்தாலே அது செத்துவிடும். (எங்கள் மாமியார் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் விட மாட்டார், அது வேறு.)

லெக்பீஸ் ரசிகன்:
அக்கா, நெஞ்சுக்கறி வாயில் சக்கை மாதிரி இருக்கும், வயசானவர் எப்படி மெல்லுவார்? தொடையில் இரும்பும் துத்தநாகமும் கூடுதல். தோலை உரித்துவிட்டுத் தொடையையே கொடுங்கள்.

அடுப்படி அக்கா:
தயிரில் ஊறவைத்துச் சமைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சக்கை என்று சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
சரி அக்கா, இந்த ஞாயிற்றுக்கிழமை தோலுரித்த பிராய்லர் அரைக் கிலோ வாங்குகிறேன். ஆனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் பல்லடத்தாருக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவிடம் இதை யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.