கையால் தைக்கும் டெடி கரடி: முகம் ஏன் கோணுகிறது?

கரடி தைக்கும் நாங்கள் ஊருக்கு ஒருவராகச் சொல்வது இது.

காவேரிப்பட்டினம்

கரடியின் முகம் கோணலாக வந்தால் எல்லாரும் கண்ணைத்தான் குறை சொல்வார்கள். கண்ணைப் பிடுங்கி மாற்றி வைத்தாலும் கோணல் போகாது. பெரும்பாலும் அது துணி வெட்டும்போதே வந்துவிடுகிறது.

35 செ.மீ. உயரக் கரடிக்கு 21 துண்டுகள் வேண்டும். கன்னம் 2, மூக்கிலிருந்து பிடரிவரை ஓடும் நடுப்பட்டை 1, காது 4, உடம்பு 2, வெளிக்கை 2, உள்கை 2, கால் 4, உள்ளங்கை 2, பாதம் 2. கடைசி நான்கும் ஃபெல்ட் துணியில், மற்ற 17ம் ஃபர் துணியில். தையலுக்கு அரை செ.மீ. விட்டால் போதும்.

ஃபர் துணியை மடித்து இரட்டையாக வெட்டாதீர்கள். ரோமம் வழுக்கி அடியில் இருப்பது நகர்ந்துவிடும். துணியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கத்தில் துண்டின் வடிவத்தில் வெட்டிய அட்டையை வைத்து பேனாவால் வரையுங்கள். ஜோடித் துண்டுக்கு அட்டையைப் புரட்டி வரையுங்கள். புரட்ட மறந்தால் இரண்டும் இடது கன்னமாகத்தான் கிடைக்கும். ரோமம் சாயும் திசையை முதலிலேயே அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்: தலையில் மூக்கிலிருந்து பின்னோக்கி, கை கால் உடம்பில் மேலிருந்து கீழே. ஒரு கன்னத்தில் மட்டும் திசை மாறினால் வெளிச்சத்தில் அது வேறு நிறத்துணி போலத் தெரியும்.

வெட்டும்போது கத்திரியின் நுனி மட்டும் வேலை செய்யட்டும். அடித்துணிக்கும் ரோமத்துக்கும் நடுவே நுனியை நுழைத்து அடித்துணியை மட்டும் சின்னச் சின்னதாக வெட்ட வேண்டும். முழு அலகையும் போட்டு வெட்டினால் ரோமமும் சேர்ந்து போய், தையல் ஓரமெல்லாம் மொட்டையாக நிற்கும்.

ஓசூர்

காவேரிப்பட்டினம் அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரு சிக்பேட்டையிலிருந்து எடுத்துவரும் மலிவு ஃபரில் பெரும்பாலானதற்குப் பின்னல் அடித்துணிதான். குறுக்கே இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இழுபடும் துணியில் பஞ்சை இறுக்கினால் தலை அகலமாகும், வயிறு ஒரு பக்கம் பிதுங்கும். மெல்லிய காட்டன் துணியை உள்பக்கம் வைத்து, இரண்டையும் ஒன்றாக இழையோட்டித் தைத்தால் நிற்கும். சட்டைக் காலருக்குப் போடும் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. அக்ரிலிக் ரோமம் சூட்டில் சுருண்டுவிடும், அது எனக்குச் சரிப்படாத வழி.

இனி தலை. முதலில் இரண்டு கன்னத்தையும் மூக்கு நுனியிலிருந்து முன்கழுத்துவரை, தாடைப் பக்கம் மட்டும் தையுங்கள். நடுப்பட்டையின் மூக்கு முனையை மடித்து நடுப்புள்ளி குறித்து, அதைத் தாடைத் தையலின் மேல்முனையில் வைத்து இரண்டு மூன்று தையல் போட்டு நிறுத்துங்கள். அங்கிருந்து பிடரிவரை ஒரு பக்கம். மறுபடி மூக்கிலிருந்து ஆரம்பித்து மறுபக்கம். ஒரு பக்கப் பிடரியில் ஆரம்பித்து மூக்கைச் சுற்றி அடுத்த பிடரிக்கு ஒரே ஓட்டமாகப் போனால் ஃபர் வழுக்கிக்கொண்டே போகும், முடிவில் நடுப்பட்டை அரை செ.மீ. நீண்டு நிற்கும். கரடி ஒரு பக்கமாகப் பார்ப்பது இதனால்தான்.

எந்தத் துண்டையும் குண்டூசியை மட்டும் நம்பித் தைக்க வேண்டாம். விளிம்பு ரோமத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளிக்கொண்டே இழையோட்டி, அப்புறம் பின்தையல், செ.மீ.க்கு நான்கு தையல். பாலியஸ்டர் நூல் போதும். கழுத்தைச் சுருக்கவும் கண் கட்டவும் மட்டும் தடித்த நைலான் நூல்.

அரூர்

இலவம்பஞ்சு போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மெத்தைக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது, எடையும் குறைவு. ஆனால் இழை குட்டை, வழவழப்பு. பின்னல் அடித்துணி வழியே வெளியே வந்துகொண்டே இருக்கும். துவைத்தால் கட்டிப்படும். போடுவதானால் உள்ளே காட்டன் துணி கட்டாயம், மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். மற்றபடி ரெக்ரான் (பாலியஸ்டர்) பஞ்சு நல்லது, இந்த அளவுக்குக் கால் கிலோவுக்கு மேலேயே இழுக்கும்.

பாலக்கோடு

பஞ்சு அடைப்பது மூக்கில் ஆரம்பிக்கணும். நெல்லிக்காய் அளவுக்குப் பிய்த்து, மழுங்கிய குச்சியால் மூக்கு நுனியில் திணியுங்கள். அது கல் மாதிரி ஆன பிறகுதான் கன்னம், அப்புறம் நெற்றி. கன்னத்துக்கு இடது ஒரு பிடி, வலது ஒரு பிடி என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் பக்கம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கழுத்து, கை, கால் என ஐந்து மூட்டுக்கு ஹார்ட்போர்டு வட்டத்தட்டு 10 (மூட்டுக்கு உடம்புக்குள் ஒன்று, தலை அல்லது கை காலுக்குள் ஒன்று), வாஷர் 10, காட்டர் பின் 5. இரண்டு கால் உள்ள இந்தப் பின் எல்லா ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் உண்டு. தட்டு கைக்கு 35 மி.மீ., கழுத்துக்கு 40, காலுக்கு 45 வைத்துப் பாருங்கள். தையலில் இடிக்காத அளவுக்கு எவ்வளவு பெரிதாக வருகிறதோ அவ்வளவு நல்லது. துணியில் துளையைக் கத்திரியால் வெட்டாமல் குத்தூசியால் விரித்தால் இழை பிரியாது. பின்னின் இரண்டு காலையும் மூக்குக் குறடால் வெளிப்பக்கமாகச் சுருட்டி, வாஷரில் அழுந்தும்வரை இறுக்குங்கள். பஞ்சு அடைக்கும் முன் கை கொஞ்சம் கஷ்டப்பட்டுத் திரும்ப வேண்டும். அப்போதே சுலபமாகச் சுற்றினால் பின்னால் தொங்கிவிடும். 1902இல் ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனத்தில் உருவான கரடிக்கு நூல்தான் மூட்டு. நூல் தளரும் என்பதால்தான் தட்டுக்கு வந்தார்கள்.

கண்ணுக்கு 10 மி.மீ. போதும். வைக்கும் இடம் நடுப்பட்டைத் தையலின் மேல், மூக்கு மேடு நெற்றியில் ஏறத் தொடங்கும் இடம். கறுப்புத்தலைக் குண்டூசி இரண்டைக் குத்தி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கீழே இறக்கி அகலமாக வைத்தால் குட்டி முகம், மேலே ஏற்றி நெருக்கினால் கிழட்டு முகம். பிடித்த இடத்தில் 12 செ.மீ. நீள ஊசியால் கண்ணின் நூலைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கண் நூலையும் ஒன்றாக இழுத்து முடிச்சுப் போடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை இழுத்தால் குழியின் ஆழம் மாறிவிடும். கோணி ஊசி வேண்டாம், அதன் பட்டை முனை அடித்துணியை அறுக்கும்.

தருமபுரி

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு என்றால் கண்ணாடிக் கண், பொத்தான் எதுவும் வேண்டாம். வாஷர் போட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் கண்கூட, துணி தளர்வாக இருந்தால் வாஷரோடு பிய்ந்து வரும். நூலால் எம்பிராய்டரி கண் போடுங்கள், காட்டர் பின் மூட்டையும் விட்டுவிட்டுக் கை காலை நேராக உடம்போடு தையுங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ். 9873 என்ற பொம்மைப் பாதுகாப்புத் தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே விற்கும் முன் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.

காவேரிப்பட்டினம்

பாலக்கோடு அக்கா காதை விட்டுவிட்டார். காதைத் தட்டையாகத் தைக்கக் கூடாது. நான்கு குண்டூசியால் வளைத்து நிறுத்தி, உள்முனை நடுப்பட்டைத் தையலைத் தொட, வெளிமுனை கன்னத்தில் இறங்க, ஏணித்தையல் (இரு பக்கத்திலும் மாற்றி மாற்றி ஊசி விட்டு, நூல் வெளியே தெரியாமல் இழுப்பது). மூக்கு எம்பிராய்டரிக்கு முன் அங்குள்ள ரோமத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நூலை நடுவில் ஆரம்பித்து ஒரு பக்கம் முடித்து, மறுபடி நடுவுக்கு வந்து மறுபக்கம் போடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனால் மூக்கும் சாய்ந்துவிடும். எல்லாம் முடிந்ததும் தையலில் சிக்கிய ரோமத்தை ஊசியால் கிளறி எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் வாரிவிட்டால் தையல் இருந்த இடம் தெரியாது.