வேதத்தை மூடாமலே மனம் மாறியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முற்போக்குக் கிறிஸ்தவர் என்றாலே வேதத்தை ஓரமாக வைத்துவிட்டு உலகத்தோடு ஒத்துப்போகிறவர் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். வாலிபர் கூட்டத்தில் அப்படியே போதித்தும் இருக்கிறேன். என்னை மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று ஆலய வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு திருநங்கை வந்தார். முன்வரிசையில் இடம் காலியாக இருந்தது. ஆனால் என் கை கடைசி வரிசையைக் காட்டியது. அப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கை தானாகப் போனது. அவரும் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. மடியில் வேதாகமம் விரிந்திருந்தது. "அண்ணா, இதைக் கொஞ்சம் சத்தமா வாசிப்பீங்களா? வேற ஒருத்தர் குரல்ல கேக்கணும்" என்றார். ஏசாயா 56. மூன்றாம் வசனத்தின் கீழே பென்சில் கோடு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தடவை போட்டதில் மெல்லிய தாள் ஓரிடத்தில் நைந்து, பின்பக்க எழுத்து தெரிந்தது. "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக." அண்ணகன் என்றால் விதையடிக்கப்பட்ட ஆண். வாசித்தேன். ஐந்தாம் வசனத்துக்கு வந்தேன். குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய இடத்தைப் பார்க்கிலும் உத்தம இடத்தை என் ஆலயத்தில் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர். "இடம்" என்ற சொல்லுக்கு மேல் எனக்குக் குரல் எழவில்லை.

அன்று இரவு தூக்கம் இல்லை. உபாகமம் 23:1 இப்படிப்பட்டவர்களைச் சபைக்குள் விடக்கூடாது என்கிறது. ஏசாயா கதவைத் திறக்கிறார். அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பியர் ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து வாசிப்பதும் ஏசாயாதான், 53-ஆம் அதிகாரம். நம் பழைய தமிழ் வேதாகமம் அவரை "மந்திரி" என்று சொல்லிவிட்டுப் போகிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது அண்ணகன் என்ற சொல். இந்த அதிகாரத்தை நான் எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். எனக்கு அவர் எப்போதும் மந்திரிதான். "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவர் கேட்டபோது, அவருக்கு ஏசாயாவை விளக்கிய பிலிப்பு உபாகமத்தை எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை, அவரோடு தண்ணீரில் இறங்கினார். அன்றைய அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் என்ற வகையில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

உங்களுக்கும் இப்படி யாராவது கண்ணைத் திறந்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். என்னுடையது வேறு வகை.

இறையியல் படித்துவிட்டு வந்தேன். சபையில் பிரசங்கம் பண்ண ஒரு தடவையாவது வாய்ப்புக் கேட்டேன். போதகர் நல்லவர், கோபப்படவில்லை. பெண் உபதேசம் பண்ண அனுமதியில்லை என்கிற 1 தீமோத்தேயு 2:12-ஐ எடுத்து என் முன் வைத்தார். "நான் என்னம்மா செய்யட்டும், வசனம் இருக்கே" என்றார். சிறுபிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வேலையைக் கொடுத்தார்.

அந்தக் கதைகளுக்காகத் தேடும்போதுதான் ரோமர் 16-ல் பவுல் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிற பெபேயாள் என்ற பெண்ணிடம் வந்து நின்றேன். தமிழில் "ஊழியக்காரி". பிலிப்பியர் 1:1-ல் கண்காணிகளுக்கு அடுத்ததாக "உதவிக்காரர்" என்று சபைப் பொறுப்பாளர்களைச் சொல்கிற இடத்தில் கிரேக்கத்தில் எந்தச் சொல்லோ, அதே சொல்தான் இவளுக்கும். ஆறு வசனம் தள்ளி யூனியா, "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்" இருவரில் ஒருத்தி. இதையெல்லாம் சண்டை போடாமல் போதகரிடம் கொண்டுபோனேன். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "உயிர்த்தெழுந்தவரைப் பார்த்துட்டு, போய் சீஷர்களுக்குச் சொல்லுன்னு அனுப்பப்பட்டவ மகதலேனா மரியாள். அவளை நான் பேசாதேன்னு சொல்லியிருப்பேனா?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா என்று தெரியவில்லை.

ஆங்கிலிக்கன் சபையில் முதலில் குருப்பட்டம் பெற்ற பெண் ஃபிளாரன்ஸ் லீ டிம்-ஓய். 1944-ல், போர்க்காலத்தில் சீனக் கரையோரத்து மக்காவு சபைக்குக் குருமார் போய்ச் சேர முடியாத நிலையில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. போர் முடிந்ததும் எதிர்ப்பு வலுத்தது. 1946-ல் குருவாக ஊழியம் செய்யும் உரிமத்தை விட்டுக்கொடுத்தார், பட்டத்தை மட்டும் துறக்கவில்லை. தேவை வந்தபோது கதவு திறந்தது, தேவை முடிந்ததும் அடைபட்டது. இன்னும் பல சபைகளில் இதே கதைதான். இது எனக்கு ஆறாத வலி.

*

நான் சுருக்கமாக. உயிரியல் மாணவன். பரிணாமத்தை நம்பினால் நரகம் என்று கேட்டு வளர்ந்தவன், அதனால் விசுவாசத்தையே விட இருந்தேன். தடுத்தவர் ஒரு வயதான ஆயர். ஆதியாகமம் 1, 2 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னார். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனுஷன். இரண்டாவதில் மனுஷனுக்குப் பிறகு மிருகங்கள். சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது. அதற்கு முந்தின மூன்று நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன? இதை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதிச் சபையின் வேத அறிஞர் ஒரிகன் கேட்டிருக்கிறார். டார்வினுக்குப் பயந்து கேட்ட கேள்வி இல்லை தம்பி, வேதத்தின் மேலுள்ள பிரியத்தில் கேட்டது என்றார் ஆயர். இப்போதும் ஆராதனைக்குப் போகிறேன்.

*

எல்லாரும் நல்ல முடிவாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படி இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் பின்வாங்கிப்போனதாக உபவாச ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். ஒருநாள் "வசனம் தெளிவா இருக்கும்போது வியாக்கியானம் எதுக்கு?" என்றார். அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 6:5 தெளிவாக இருக்கிறது என்றுதான் அடிமைகளை வைத்திருந்தவர்களும் சொன்னார்கள், அப்பா என்றேன். அமெரிக்காவின் தென்னக பாப்டிஸ்ட் பேரவை 1845-ல் உருவானதே அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற தகராறில்தான். அதற்காக மன்னிப்புக் கேட்டது 1995-ல். நூற்றைம்பது வருஷம். அப்பா பதில் சொல்லவில்லை.

நான் ஜெயித்தேன் என்று எழுதவில்லை. அதே இரவில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்: கட்டிலோரம் முழங்காலில், எழுந்திருக்க முடியாமல் ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, எனக்காக அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். முற்போக்கு பேசுகிற நம்மில் சிலர் இப்படிப்பட்டவர்களைக் கிண்டல் செய்யும்போது என்னால் தாங்க முடிவதில்லை.

*

கடைசியாக எழுதிய தம்பிக்கு: உங்கள் அப்பாவுக்காக நானும் ஜெபிக்கிறேன், அவர் மாற வேண்டும் என்று அல்ல, நீங்கள் இருவரும் பேச வேண்டும் என்று.

அந்தத் திருநங்கை திரும்ப வந்தாரா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் வந்தார். மன்னிப்புக் கேட்டு முன்வரிசையைக் காட்டினேன். வேண்டாம் அண்ணா, நீங்க எங்க உட்காருவீங்களோ அங்கேயே உட்காருறேன் என்றார். வாசல் வேலை முடிந்ததும் நான் உட்காருவது கடைசி வரிசையில்தான். நடுவே ஒரு நாற்காலிகூட விடாமல் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டோம்.