புதுப்பிப்பு: தோழிமார் சட்டைக்கு நிறம் முடிவாகிவிட்டது

தங்கச்சியின் கல்யாணம் கொழும்பு கொட்டாஞ்சேனையில், தேவாலயத்தில். தோழிமார் நாலு பேர், நாலு பேருக்கும் தோல் வேறு வேறு நிறம்; சட்டைக்கு பீச் நிறமா, வெளிர் பச்சையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'அரை மீற்றர் வெட்டி வாங்கி, கல்யாண நேரத்திலேயே தேவாலயத்தில் வைத்துப் பாருங்கள்' என்ற யோசனைதான். புறக்கோட்டைக் கடை வெளிச்சத்தில் மயக்கிய வெளிர் பச்சை, மாலை நாலரைக்கு தேவாலய வாசலில் வெறும் சாம்பல். பீச்சைத் தோளில் போட்டதும் இரண்டு பேருக்கு முகமே களையிழந்துவிட்டது. அப்புறம் ஒருவர் சொன்னபடி அம்மாவின் கூறைச்சேலையை விரித்துப் பார்த்தோம். கரையில் மயில்கழுத்து நிறம்! நாலு பேருக்கும் எடுப்பாக இருந்தது.

எதிர்பாராதது லைனிங். தைக்கிற அக்கா வெள்ளை போட்டுவிட, மெல்லிய ஷிஃபான் ஒரு படி வெளுத்துவிட்டது. பிரித்து, கரும்பச்சை போட்டோம். துணியும் குறைந்தது. திரும்பப் போய் வாங்கினால் அதே நிற நம்பர், ஆனால் வேறு தடவை சாயம் போட்ட துணி. பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே முதலிலேயே ஒரு மீற்றர் கூட வாங்குங்கள். இரண்டாவதாக வாங்கிய அந்தத் துண்டு இப்போது பூப்போடும் சின்னவளின் ஃப்ராக்.